கழுவுக்கு அப்புறம்

ஓசூர்
8 ஏப்ரல் 2007

மணிவேல் அண்ணாவுக்கு,

நான் லாவண்யா. கம்பெனியில் அளவு பார்க்கும் மெஷின்களுக்குப் புரோகிராம் எழுதுகிறவள். உங்கள் செல்போன் ஒரு மாதமாக அணைந்தே கிடக்கிறது. உங்களோடு மெஷினில் நின்ற மாரிமுத்துவிடம் சிங்காரப்பேட்டை விலாசம் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. எழுதிக் கொடுத்தார்.

பிப்ரவரி விசாரணையில் உங்களுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு நான் சொன்னது இது: "புரோகிராம் தெளிவாத்தான் இருக்கு. மேனுவலப் படிச்சிருந்தா இந்தத் தப்பு வந்திருக்காது." அதற்குப் பத்தாம் நாள் உங்களை வேலையை விட்டு நீக்கினார்கள். பதினோரு வருஷம் செய்த வேலை.

நான் தெளிவு என்று சொன்ன வரியை இங்கே எழுதிப் பார்க்கிறேன். திரையில் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் போட்டால் இப்படி வரும்:

பதி(அள(கழுவு(பாகம்)))

ஒவ்வொரு சொல்லும் ஒரு ஃபங்ஷன். ஒன்று உள்ளே போகும், வேறாகி வெளியே வரும். வெளியே வந்தது அடுத்ததற்குள் போகும். ஃபங்ஷனல் புரோகிராமிங் படித்தவர்கள் இதை உள்ளிருந்து வெளியே படிப்பார்கள். பாகத்தைக் கழுவு, கழுவியதை அள, அளந்ததைப் பதி. கண் மட்டும் வலமிருந்து இடமாகப் போக வேண்டும். ஆபரேட்டர்களே வரிசையை மாற்றிக்கொள்ளலாம், எங்களைக் கூப்பிடத் தேவையில்லை என்று சொல்லித்தான் இதை மெஷினில் ஏற்றினோம்.

ஜனவரியில் கழுவும் தொட்டிக்கு வெந்நீர் வந்தது. சூடான பித்தளை புஷ் வளையத்தை அளந்தால் இருபது மைக்ரான் பெரிதாகக் காட்டும். அதனால் கழுவியபின் காற்று ஊதி ஆற்ற வேண்டும். சூப்பர்வைசர் மாதவன் உங்களிடம், "கழுவுக்கு அப்புறம் ஆற்றுன்னு ஒண்ணு சேத்துருங்க" என்றார். நீங்கள் 'கழுவு' என்ற சொல்லுக்கு அப்புறம் சேர்த்தீர்கள்.

பதி(அள(கழுவு(ஆற்று(பாகம்))))

மெஷின் எழுதியபடி செய்தது. ஆறிக் கிடந்த பாகத்துக்கே முதலில் காற்று ஊதியது. பிறகு வெந்நீரில் கழுவி, சூட்டோடு அளந்தது. அளவில் சிறுத்த புஷ்ஷெல்லாம் சரியென்று தேறின. கோவை பம்புசெட் கம்பெனிக்கு ஆயிரத்து எண்ணூறு புஷ் போய், அங்கிருந்து புகார் வந்த பிறகுதான் நமக்குத் தெரிந்தது.

போன வாரம், புதிதாகச் சேர்ந்த பயிற்சிப் பெண்கள் ஆறு பேரைக் கூப்பிட்டு, மாதவன் சொன்ன அதே வாக்கியத்தைச் சொல்லிச் சேர்க்கச் சொன்னேன். ஐந்து பேர் நீங்கள் சேர்த்த இடத்திலேயே சேர்த்தார்கள். ஆறாவது பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள்.

தப்பு நான் எழுதிய விதத்தில் இருக்கிறது. உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

லாவண்யா


சிங்காரப்பேட்டை
22 ஏப்ரல் 2007

லாவண்யா மேடத்துக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நல்லவேளை, போஸ்ட்மேன் என்னை ரோட்டில் பார்த்துக் கையில் கொடுத்துவிட்டார். இனி வீட்டு விலாசத்துக்கு எழுத வேண்டாம். வீட்டுப் போனும் வேண்டாம், என் மனைவி ரஞ்சிதாதான் எடுப்பாள். நான் வேலை பார்த்த லைனையே மூடிவிட்டார்கள், முப்பது பேரை அனுப்பிவிட்டார்கள் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். என்னை மட்டும் அனுப்பினார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் சீசன் வேலைக்குச் சேர்கிறேன். எழுதுவதானால் அந்த விலாசத்துக்கு எழுதுங்கள். கீழே கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் என்னை அண்ணா என்று எழுதியிருக்கிறீர்கள். கம்பெனியில் மூன்று வருஷம் 'மணிவேல்' என்றுதான் கூப்பிட்டீர்கள். நான் உங்களைவிட ஒன்பது வயது மூத்தவன். அப்போது அது எனக்குக் குறையாகப் படவில்லை. ஆபீஸ் ஆட்கள் அப்படித்தான். ஆனால் வேலை போன பிறகு வந்த அண்ணா எனக்கு வேண்டாம்.

நீங்கள் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள். ஒன்றை மட்டும் எழுதவில்லை.

ஆற்று சேர்த்த இரண்டாம் நாள் உங்கள் மேஜைக்கு நான் வந்தேன். "மேடம், நல்ல பீஸெல்லாம் பெரிசுன்னு தள்ளுது. எங்கியோ இடிக்குது. ஒருவாட்டி வந்து பாருங்களேன்" என்றேன். நீங்கள் திரையை விட்டுத் திரும்பவில்லை. "மேனுவல்ல பன்னெண்டாம் பக்கம் பாருங்க" என்றீர்கள். பார்த்தேன். பன்னிரண்டாம் பக்கம் முழுக்க அடைப்புக்குறி.

விசாரணையில் மேனேஜர் அசோக்குமார் சார் உங்களைக் கேட்டார்: "ஆபரேட்டர் உங்க கிட்ட வந்து ஏதாவது சொன்னாரா?" நீங்கள், "ஞாபகம் இல்ல சார்" என்றீர்கள்.

நிஜமாகவே ஞாபகம் இல்லையா? இது ஒன்றுக்குப் பதில் வேண்டும். மற்றதற்கு வேண்டாம்.

மணிவேல்


ஓசூர்
1 மே 2007

மதிப்பிற்குரிய மணிவேல் அவர்களுக்கு,

ஞாபகம் இருந்தது.

நீங்கள் வந்து நின்றது, உங்கள் கையில் இருந்த இரண்டு புஷ், அதில் ஒன்றை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனது எல்லாம். விசாரணை அன்று அந்தப் புஷ் என் டிராயரில்தான் கிடந்தது. "ஞாபகம் இல்ல" என்பது வாயில் வந்துவிட்டது. வந்தபின் திருத்த அரை மணி நேரம் இருந்தது. நான் திருத்தவில்லை. முதல் கடிதத்திலும் தாண்டிப் போய்விட்டேன். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் அந்தப் பத்தியைக் கிழித்தேன். எழுதாவிட்டால் நீங்களும் மறந்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன் போல.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அடைப்புக்குள் அடைப்பாக எழுதுவது ஒன்றுதான் வழி என்றில்லை. ஒரு வேலையின் முடிவை அடுத்த வேலைக்குக் குழாய் வைத்த மாதிரி இடமிருந்து வலமாகக் கடத்துகிற எழுத்துமுறை முன்பே உண்டு. கல்லூரியில் படித்தபோதே எனக்குத் தெரியும். உள்ளே கணக்கு ஒன்றுதான், எழுதும் விதம்தான் வேறு. தெரிந்தும் அடைப்புக்குறியைத் தேர்ந்தெடுத்தேன்.

என் அப்பா பர்கூரில் கிரானைட் குவாரியில் வேலை செய்தவர். பெங்களூர் ஆபீஸுக்கு மீட்டிங் போனால் எந்த ஊர், எந்தக் கல்லூரி என்று கேட்பார்கள். சொன்னதும் பேச்சு வேறு பக்கம் போய்விடும். அந்த அறையில் பலகையில் எழுதிக் காட்டும்போது அது கணிதம் மாதிரி தெரிய வேண்டும் என்று நினைத்தேன். தெரிந்தது. அசோக்குமார் சார், "பாக்கவே அழகா இருக்கும்மா" என்றார். மெஷின் முன்னால் நிற்கப் போகிறவர் படிப்பாரா என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவள் நான்.

மேனேஜரிடம் உண்மையைச் சொல்லும்படி நீங்கள் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உடனே சரி என்று எழுதியிருப்பேனா என்று யோசித்தேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பயமாக இருக்கிறது.

அந்த மொழியை மாற்றி எழுத எண்ணியிருக்கிறேன். நீங்கள் சொல்லவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். அந்த வேலையை நீங்கள் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பீர்கள்?

லாவண்யா


கிருஷ்ணகிரி
20 மே 2007

லாவண்யா மேடத்துக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் கோபம்தான் வந்தது. வேலையைப் பறித்துவிட்டு இப்போது யோசனையும் இனாமாகக் கேட்கிறீர்களே என்று நினைத்தேன். பத்து நாள் பதில் எழுதாமல் இருந்தேன். கூழ் காய்ச்சும் இடத்தில் நிற்கும்போதெல்லாம் அந்த வரிதான் மனதில் ஓடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

அதற்கு முன் நானும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் மறைத்ததைச் சொன்னீர்கள். நான் மறைத்தது இது.

இரண்டு வருஷத்துக்கு முன் டிரெயினிங் ஹாலில் நீங்கள் வகுப்பு எடுத்தீர்கள். பலகையில் அந்த வரியை எழுதினீர்கள். எத்தனை அடைப்பு திறந்தது, எத்தனை மூடியது என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணி முடிப்பதற்குள் அழித்துவிட்டீர்கள். "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று கேட்டீர்கள். என்னோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மெஷினில் சந்தேகம் என்றால் என்னிடம்தான் வருவார்கள். அவர்கள் முன்னால் புரியவில்லை என்று சொல்ல எனக்குக் கூச்சம். தலையாட்டினேன். நான் ஆட்டியதைப் பார்த்து அவர்களும் ஆட்டினார்கள்.

விசாரணையிலும் அதுதான். "வாசிக்கத் தெரியாம மாத்தினியா, தெரிஞ்சு மாத்தினியா?" என்று கேட்டார்கள். தெரியாது என்று சொல்வதற்குக் கவனக்குறைவு என்று சொல்வது மேல் என்று பட்டது. அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை வைத்துத்தான் அனுப்பினார்கள்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். புதிய ஆள் வந்தால் நான் சொல்வது இவ்வளவுதான்: "பாகத்த எடுத்து, கழுவி, ஆறவெச்சு, அளந்து, பதிப்பா." ஒரு மூச்சில் முடிந்துவிடும். கேட்டவன் நேரே போய்ச் செய்வான். பதி, எதைப் பதி, அளந்ததை, எதை அளந்ததை என்று கடைசியிலிருந்து ஆரம்பித்து யாரும் வேலை சொல்ல மாட்டார்கள். நடுவில் ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றாலும் சொல்கிற இடத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மணிவேல்


ஓசூர்
3 ஜூன் 2007

மதிப்பிற்குரிய மணிவேல் அவர்களுக்கு,

எடுத்து, கழுவி, ஆறவெச்சு, அளந்து. இதற்கு வினையெச்சம் என்று பெயர். பத்தாம் வகுப்பில் தமிழ்ப் பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். பொருள் முதலில், செய்கைகள் வரிசையாக, முடிக்கிற வினை கடைசியில். பிறந்ததிலிருந்து இப்படித்தான் பேசுகிறேன். ஒரு மொழி எழுத உட்கார்ந்தபோது மட்டும் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டேன்.

டிரெயினிங் ஹாலைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பலமுறை படித்தேன். "புரிஞ்சுதா" என்று கேட்டபோது நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டரைக்கு பஸ். அதனால் அந்தத் தலையாட்டலை நீங்கள் மட்டும் சுமக்க வேண்டாம்.

மூன்று மாதிரி அனுப்புகிறேன். பாகம் எப்போதும் முதலில். ஒரு வேலை முடிந்து வெளிவருவது தானாக அடுத்ததற்குப் போய்ச் சேரும், அதைத் திரும்ப எழுத வேண்டாம்.

முதலாவது:
பாகம்.கழுவு.ஆற்று.அள.பதி

இரண்டாவது:
பாகம் > கழுவு > ஆற்று > அள > பதி

மூன்றாவது:
பாகம்
| கழுவு
| ஆற்று
| அள
| பதி

எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது. என் பிடித்தத்தை நம்ப வேண்டாம். குறை இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.

லாவண்யா


கிருஷ்ணகிரி
24 ஜூன் 2007

லாவண்யா மேடத்துக்கு,

சீசன் உச்சத்தில் இருக்கிறது. உடம்பெல்லாம் மாம்பழப் பிசுக்கு. அதனால்தான் தாமதம்.

முதலாவது ஆகாது. மெஷின் திரையில் எப்போதும் எண்ணெய் படிந்திருக்கும், புள்ளி தெரியாது. தெரிந்தாலும் நாங்கள் நாளெல்லாம் 29.98, 30.02 என்று பார்க்கிற ஆட்கள். புள்ளியைப் பார்த்தால் எண்தான் ஞாபகம் வரும்.

உங்களுக்குப் பிடித்த இரண்டாவதும் ஆகாது. அளவுச் சீட்டில் அந்தக் குறிக்கு 'இதைவிடப் பெரிது' என்று அர்த்தம். 'ஆற்று > அள' என்று பார்த்தால் அளவை விட ஆற்று பெரிது என்றுதான் முதலில் படும். எனக்கே அப்படிப் பட்டது.

மூன்றாவதை இங்கே கூட வேலை செய்கிற இருளாயியிடம் காட்டினேன். ஐந்தாவது வரை படித்தவர். பழம் கழுவும் தொட்டியில் நிற்கிறார். முதலில் உங்கள் பழைய வரியை அட்டையில் எழுதிக் காட்டி, "கழுவுக்கு அப்புறம் ஆற்று சேருங்க" என்றேன். நான் போட்ட இடத்திலேயே போட்டார். பிறகு மூன்றாவதில் ஆற்று இல்லாமல் எழுதிக் கொடுத்து அதையே சொன்னேன். கழுவுக்குக் கீழே வரிசையில் அழகாக எழுதிவிட்டார். "இதுல என்னா இருக்குதுங்க, அடுத்தது அடுத்தது போட்டுக்கினு போறதுதான?" என்றார். நாலு மாதமாக என் தலையில் ஏதோ கோளாறு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அதிலும் ஒரு குறை. அவரைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். "ஒண்ணு கழுவு, ஒண்ணு ஆத்து, ஒண்ணு அள" என்று படித்தார். அந்தக் கோடு எண் ஒன்று மாதிரி இருக்கிறது. அதை மாற்றுங்கள்.

அப்புறம் எந்தக் கேஜில் அளப்பது என்று இதில் எங்கே எழுதுவது? நம்மிடம் நாலு கேஜ் இருக்கிறது. அதை அந்த வரியிலேயே பக்கத்தில் எழுத விடுங்கள். வேறெங்கோ தனியாக வைத்தால் மறந்து போகும்.

மணிவேல்


கிருஷ்ணகிரி
12 ஆகஸ்ட் 2007

லாவண்யா மேடத்துக்கு,

ஏழு வாரமாக உங்களிடமிருந்து பதில் இல்லை. வேலை அதிகம் என்று நினைத்திருந்தேன்.

நேற்று மாரிமுத்து இந்தப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவுக்கு வந்தவன் என்னைப் பார்த்தான். நோட்டீஸ் போர்டில் உங்கள் போட்டோ போட்டிருக்கிறதாம். வேலையை மேம்படுத்த யோசனை சொல்லும் கைசன் போட்டியில் முதல் பரிசாம். புதிய எழுத்துமுறை என்று படம் வரைந்து முன்பு, பின்பு என்று இரண்டு கட்டம் போட்டிருக்கிறதாம். யோசனை சொன்னவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் மட்டும்தான் இருக்கிறதாம். "சொவர் கடியாரம் ஒண்ணு குடுத்தாங்கப்பா, நல்லாருக்குது" என்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

இனி எழுத வேண்டாம்.

மணிவேல்


ஓசூர்
2 செப்டம்பர் 2007

மணிவேல் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இதை மட்டும் படித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள்.

மாரிமுத்து சொன்னது உண்மை. நீங்கள் சொன்ன குறைகளை வைத்து ஜூலை முதல் வாரமே முடித்துவிட்டேன். தனிக்கோடு எண் ஒன்றாகிறது, தனி அம்புமுனை 'பெரிது' ஆகிறது, இரண்டையும் ஒட்டி வைத்தால் இரண்டும் இல்லாமல் போகிறது:

பாகம்
|> கழுவு
|> ஆற்று
|> அள 3
|> பதி

மூன்று என்பது கேஜ் எண். எட்டு ஆபரேட்டர்களிடம் சோதித்தேன். ஒருவரும் தப்பு செய்யவில்லை. உடனே உங்களுக்கு எழுதியிருக்கலாம். அதற்குள் அசோக்குமார் சார் கைசன் படிவத்தைக் கொண்டுவந்து வைத்தார். 'முன்பு' என்ற கட்டத்தில், தப்பாகப் படிக்க இடம் கொடுத்தது, அதனால் ஒரு பேட்ச் கெட்டது என்று எழுதினேன். சார் படித்துவிட்டு, "பழசக் கிளறாதம்மா. அடுத்த மாசம் கஸ்டமர் ஆடிட்டுக்கு வராங்க. படிக்கச் சற்றுக் கடினம்னு போடு, போதும்" என்றார். அடித்துவிட்டு அப்படியே போட்டேன். பெயர் எழுதும் இடத்துக்கு வந்தேன். உங்கள் பெயரை எழுதினால் ஏன் என்று கேட்பார்கள். என் பெயரை எழுதினேன்.

கேட்க யாரும் இல்லாத இடத்தில் உங்களிடம் அவ்வளவு எழுதினேன். ஒருவர் எதிரே வந்து நின்றதும் பிப்ரவரியில் செய்ததையே மறுபடி செய்தேன். உங்களுக்குக் கடிதம் எழுதியதெல்லாம் என் மன ஆறுதலுக்காகத்தானோ என்று இப்போது தோன்றுகிறது.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் அசோக்குமார் சாரிடம் எழுத்துமூலமாக மூன்று பக்கம் கொடுத்தேன். மொழி அமைப்பில் இருந்த குறை, நீங்கள் என்னிடம் வந்து சொன்னது, விசாரணையில் நான் பொய் சொன்னது, புதிய முறையில் உங்கள் பங்கு, இருளாயி அம்மாவின் பங்கு. டிராயரில் இருந்த புஷ்ஷையும் வைத்தேன். சார் படித்து முடித்துவிட்டு, "இதக் கொடுக்கணுமா? நல்லா யோசிச்சியா?" என்றார். "இப்பவே லேட்டு சார்" என்றேன். ஒரு பிரதியைத் தலைமை அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டேன், இல்லாவிட்டால் மறுநாளே திரும்ப வாங்கியிருப்பேன். பரிசையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 17 காலை பத்து மணிக்கு மறுவிசாரணை. உங்களுக்கு ரிஜிஸ்டர் தபால் வரும். வீட்டுக்கு வந்துவிடக் கூடாது என்று உங்கள் கூழ்த் தொழிற்சாலை விலாசத்தைக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் வராவிட்டால் கவனக்குறைவு என்று போட்ட பழைய கையெழுத்துதான் நிற்கும். எனக்காக அல்ல, அதற்காக வாருங்கள்.

லாவண்யா


சிங்காரப்பேட்டை
7 அக்டோபர் 2007

லாவண்யாவுக்கு,

விசாரணை அன்று கேட்டுக்கு வெளியே நீங்கள் நின்றிருந்ததைப் பார்த்தேன். நிற்காமல் பஸ் ஏறிவிட்டேன். தப்பாக நினைக்காதீர்கள்.

நீங்கள் அந்த அறையில் எல்லோர் முன்னாலும், "அவர் எங்கிட்ட வந்து சொன்னாரு. ஞாபகம் இல்லன்னு நான் சொன்னது பொய்" என்றபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களுக்காக எனக்குக் கூசியது. அடுத்து என் முறை வந்தது. "டிரெயினிங்ல புரிஞ்சதுன்னு சொன்னீங்களே" என்று கேட்டார்கள். மாதவன் இருந்தார், மாரிமுத்து சாட்சிக்கு வந்திருந்தான். "புரியல சார். புரிஞ்ச மாதிரி தலையாட்டினேன்" என்றேன். மாரிமுத்து சட்டென்று, "எனக்குந்தான் சார் புரியல" என்றான். அவனை யாரும் கேட்கவேயில்லை.

குற்றச்சாட்டை வாபஸ் வாங்கிவிட்டதாகவும், நவம்பர் ஒன்றாம் தேதி அதே மெஷினில் சேரச் சொல்லியும் கடிதம் வந்துவிட்டது. உங்களுக்கு எச்சரிக்கை மெமோ கொடுத்து, பதவி உயர்வை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். வருத்தமாக இருக்கிறது. ஆனால் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சீசன் முடிந்து வீட்டில் இருக்கிறேன், கம்பெனிக் கடிதத்தை மறைக்க முடியாது. லைனை மூடிவிட்டார்கள் என்றேனே, மூடிய லைனில் எப்படித் திரும்பச் சேர்வது? போன ஞாயிறு மதியம் ரஞ்சிதாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் கடிதங்களையும் எடுத்துக் கொடுத்தேன். வேலை போனதற்காக அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எட்டு மாசமா கட்டினவகிட்ட சொல்ல வாய் வரல. எவளோ ஒருத்திக்கு இவ்ளோ எழுத மட்டும் வந்துச்சா?" என்றாள். நாலு நாள் பேசவில்லை. சாப்பாடு மட்டும் வைத்தாள்.

ஐந்தாம் நாள், காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எல்லாத்தையும் ரெண்டுவாட்டி படிச்சேன். அந்தம்மாவும் வெக்கப்படுது, நீயும் வெக்கப்படற. மாத்தி மாத்தி அதான் எழுதியிருக்குது. அந்தப் புஷ்ஷெல்லாம் பம்புசெட்டுக்குத்தான போச்சு? எல்லாம் திரும்பி வந்துச்சா? வராதது எவன் கெணத்துல ஓடுதுன்னு ரெண்டு பேருல ஒருத்தருக்கும் கேக்கத் தோணலையா?"

தெரியாது என்று அவளிடம் சொன்னேன். உங்களுக்குத் தெரியுமா?

மணிவேல்


ஓசூர்
21 அக்டோபர் 2007

மணிவேல் அவர்களுக்கு,

எனக்கும் தெரிந்திருக்கவில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று ஸ்டோர்ஸில் போய்த் திரும்பி வந்த சரக்கின் ரிஜிஸ்டரைப் பார்த்தேன். போனது ஆயிரத்து எண்ணூறு. திரும்பியது ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்து நாலு. மீதி நாற்பத்தாறும் புகார் வருவதற்கு முன்பே பம்புகளில் பொருத்தப்பட்டு டீலர்களுக்குப் போயிருக்கின்றன. அந்தப் பக்கத்தின் அடியில் மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதில் ஒன்று என்னுடையது. எண்ணைப் படிக்காமல் போட்டிருக்கிறேன்.

அசோக்குமார் சாரிடம் கேட்டேன். "யாராவது கேட்டு வந்தா மாத்திக் கொடுத்துடலாம்" என்றார். அவர் மறுக்கவில்லை. கோவைக் கம்பெனியிலிருந்து டீலர் பட்டியலை வாங்கியும் கொடுத்தார். வாரண்டி அட்டையில் விலாசம் எழுதியவர்கள் பத்தொன்பது பேர்தான். பெரும்பாலும் தருமபுரி, ஊத்தங்கரைப் பக்கம். மற்றவர்களை டீலர் டீலராக விசாரிக்க வேண்டும்.

நேற்று ஊத்தங்கரை டீலருக்குப் போன் செய்தேன். பக்கத்துக் கிராமத்தில் நல்லுசாமி என்று ஒரு விவசாயி. மே மாதம் வாங்கிய மோட்டார், ஆகஸ்டில் புஷ் இறுகி நின்று, உள்ளே சுற்றிய காயில் கம்பி எரிந்துவிட்டது. கடலை காய்ந்து போயிருக்கிறது. "'நீங்கதான் லோ வோல்டேஜ்ல போட்டு எரிச்சுட்டீங்க'ன்னு சொல்லி அனுப்பிட்டோம்" என்றார் டீலர். அதற்கு நல்லுசாமி என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லலைங்க. சரிங்க, எங்க தப்புதான்னு எடுத்துக்கினு போயிட்டாரு" என்றார்.

தன் தப்பு என்று நினைக்கிறவர் கேட்டு வர மாட்டார். நாம்தான் போக வேண்டும். வரும் சனிக்கிழமை விடுப்புப் போட்டிருக்கிறேன். காலை ஆறரை பஸ்ஸில் கிளம்பி ஊத்தங்கரை பஸ் நிலையத்துக்கு வந்துவிடுவேன். முதலில் நல்லுசாமி வீடு. மோட்டார் ஏன் எரிந்தது என்று அவர் வாசலில் நின்று சொல்ல வேண்டும். புது மோட்டாருக்குக் கம்பெனி எழுதிக் கொடுத்த கடிதம் கையில் இருக்கிறது, ஆனால் அதை முதலில் நீட்டக் கூடாது.

உங்களால் முடிந்தால் வாருங்கள். ரஞ்சிதா அக்காவுக்குச் சம்மதமானால் அவரையும் கூட்டி வாருங்கள். அவர் பக்கத்தில் நின்றால் நான் சுற்றி வளைத்துப் பேச மாட்டேன்.

லாவண்யா